கணக்குப் படமும் உள்நுழைவுத் திரையும்: விண்டோஸ், மேக், லினக்ஸ் ஓர் ஒப்பீடு

ஒரே கணினியை நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் வீட்டில், இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தையும் தன் கணக்கைப் படத்தை வைத்தே கண்டுகொள்ளும். கிளி தனக்கு, லாரி அண்ணனுக்கு. இந்தப் படத்தையும் அது தோன்றும் உள்நுழைவுத் திரையையும் மாற்றிக்கொள்ள விண்டோஸ் 11, மேக், லினக்ஸ் ஆகியவை எவ்வளவு இடம் தருகின்றன என்று ஒப்பிடும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். கணக்குப் படம் ஒருவருக்கு உரியது. யாரும் இன்னும் உள்ளே வராத நேரத்தில் தோன்றும் திரையோ கணினிக்கே உரியது. படத்தைப் பொறுத்தவரை மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். திரையில்தான் அவை பிரிகின்றன.

விண்டோஸில் செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், யுவர் இன்ஃபோ என்று போனால் கேமராவில் எடுத்தோ கோப்பிலிருந்தோ படத்தை வைத்துவிடலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருப்பவர்களின் படம் இணையக் கணக்கிலும் தெரியும் என்பதால், விளையாட்டுப் படம் வைக்க விரும்புவோருக்கு அந்தக் கணினியில் மட்டுமே இருக்கும் உள்ளகக் கணக்கே நல்லது. மேக்கில் மெமோஜி (நம் முகச்சாயலில் வரையும் கார்ட்டூன்), எமோஜி, பெயரின் முதலெழுத்துகள் என்று தெரிவுகள் கூடுதல். இரண்டுமே படத்தை வட்டமாகக் கத்தரிப்பதால் குடும்பப் படத்தில் ஓரத்தில் நிற்பவர் காணாமல் போய்விடுவார். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியின் சதுரப் படங்களை, குறிப்பாக அந்த மஞ்சள் ரப்பர் வாத்தை, மறக்காதவர்களுக்கு இது சற்று உறுத்தும்.

திரைக்கு வருவோம். விண்டோஸில் முதலில் பூட்டுத் திரை, ஒரு விசையைத் தட்டியதும் கடவுச்சொல் கேட்கும் திரை என இரண்டு அடுக்குகள் உண்டு. பூட்டுத் திரைக்குத் தேர்ந்தெடுத்த படத்தையே அடுத்த அடுக்கிலும் காட்டுவதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. ஆனால் 2019இல் வந்த விண்டோஸ் 10இன் 1903 பதிப்பு முதல் அந்தப் படம் மங்கலாகவே தெரிகிறது. மங்கல் வேண்டாமென்றால் ஒளி ஊடுருவும் விளைவுகளை அணைக்க வேண்டும். அணைத்தால் டாஸ்க்பாரின் கண்ணாடித் தோற்றமும் சேர்ந்தே போய்விடும். ஒன்றுக்காக மற்றொன்றை இழக்கச் செய்வது நல்ல வடிவமைப்பு ஆகாது. ஆயினும், விண்டோஸின் உள்ளமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் கைவைத்து, 256 கிலோபைட்டுக்கு மிகாத படத்தைக் குறிப்பிட்ட பெயரில் சேமிக்க வேண்டியிருந்த விண்டோஸ் 7 காலத்துக்கு இது எவ்வளவோ மேல்.

மேக்கில் உள்நுழைவுத் திரைக்கென்று தனிப் பின்னணி அமைப்பு கிடையாது. மேசைத்தளத்தின் வால்பேப்பரே அங்கும் வரும். 2023இல் வெளிவந்த மேக் இயங்குதளப் பதிப்பான சோனோமா, நகரும் நிலக்காட்சிகளைத் தந்து கணக்குப் படத்தைத் திரையின் அடிப்பகுதிக்கு இறக்கியது. பார்க்க அழகுதான், மாற்ற வழிதான் குறைவு. பூட்டுத் திரையில் ஒரு வரிச் செய்தி எழுதிவைக்கும் வசதி மட்டும் உண்மையில் பயன்படக்கூடியது; தொலைந்த மடிக்கணினியைக் கண்டெடுப்பவருக்கு அதில் ஒரு தொலைபேசி எண் போதும்.

லினக்ஸ் என்று பொதுவாகச் சொல்வது தவறு. திரையை வரையும் மென்பொருளைப் பொறுத்தே எல்லாம். க்னோம் என்ற மேசைத்தளச் சூழலின் உள்நுழைவு மென்பொருளான ஜிடிஎம்மில் பின்னணி, தொகுக்கப்பட்ட தீம் (தோற்ற அமைப்பு) கோப்புக்குள் புதைந்திருக்கிறது. பிரித்து மாற்றி மீண்டும் தொகுத்தாலும் அடுத்த புதுப்பிப்பு அதை அழித்துவிடக்கூடும். கேடிஇ என்ற இன்னொரு சூழலில் பயன்படும் எஸ்டிடிஎம், நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டுவிட்டு முழுத் தோற்றத்தையே மாற்ற விடுகிறது. எனக்குப் பிடித்தது மின்ட் என்ற லினக்ஸ் வகை: அதன் உள்நுழைவு மென்பொருளான லைட்டிஎம்முக்கான ‘லாகின் விண்டோ’ கருவியில் பின்னணி, பயனர் பட்டியல் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன.

இங்கே ஒரு கண்ணி உண்டு. உங்கள் பிக்சர்ஸ் கோப்புறையில் உள்ள படத்தைத் தேர்ந்தெடுத்தால் திரை வெறுமையாக வரலாம். உள்நுழைவுத் திரை தனிப் பயனராக இயங்குகிறது, உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் 21.04 பதிப்பு முதல், பிக்சர்ஸ் அடங்கிய ஒருவருடைய ஹோம் கோப்புறைக்குள் பிறர் எட்டிப்பார்க்க முடியாதபடி அனுமதி மாற்றப்பட்டுள்ளதால், அத்தகைய அமைப்பில் அதற்கும் அங்கே நுழைவு கிடையாது. எல்லோருக்கும் பொதுவான பேக்ரவுண்ட்ஸ் கோப்புறைக்குப் படத்தை நகலெடுத்தால் சரியாகிவிடும்.

அலுவலகக் கணினியில் பயனர் பட்டியலை மறைத்துவைப்பது நல்லது. யார் யாருக்குக் கணக்கு உண்டென்று வழிப்போக்கர் அறிய வேண்டியதில்லை. மேக், ஜிடிஎம், லைட்டிஎம் மூன்றிலும் இதற்கு வழி உண்டு. குழந்தை இருக்கும் வீட்டில் அதைச் செய்ய வேண்டாம். கிளியைக் காணாவிட்டால் அவளால் உள்ளே வர முடியாது.