பேரலலா, பைசெக்டிங்கா?

பல்லின் வேர்நுனி வரை தெரியும்படி ஐ.ஓ.பி.ஏ. எக்ஸ்ரே (வாய்க்குள் ஃபிலிம் வைத்து எடுக்கும் பல் எக்ஸ்ரே) எடுக்க பேரலல், பைசெக்டிங் என இரண்டு முறைகள் உண்டு. பேரலல் முறையில் ஃபிலிம் பல்லின் நீள அச்சுக்கு இணையாக நிற்கும்; கதிர் இரண்டின் மீதும் செங்குத்தாக விழும். ஃபிலிம் பல்லிலிருந்து தள்ளி நிற்பதால் படம் பெரிதாகும். அதைச் சரிக்கட்டத்தான் எக்ஸ்ரே கருவியின் முனையில் 16 அங்குல நீளக் கூம்பு. ஃபிலிமைப் பிடித்து நிறுத்தும் ஹோல்டர் இருப்பதால் ஆறு மாதம் கழித்து எடுத்தாலும் கிட்டத்தட்ட அதே கோணம் கிடைக்கும். பல்லைச் சுற்றிய எலும்பின் தேய்மானத்தை நம்பி ஒப்பிடலாம்.

பைசெக்டிங் முறைக்கு அடிப்படை 1907-ல் சியெஷின்ஸ்கி என்பவர் சொன்ன விதி. பல்லுக்கும் ஃபிலிமுக்கும் இடையிலான கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் கற்பனைக் கோட்டுக்குக் கதிர் செங்குத்தாக வர வேண்டும். கோடு கற்பனை என்பதுதான் சிக்கலே. செங்குத்துக் கோணம் (கதிரின் மேல்-கீழ்ச் சாய்வு) கூடினால் படத்தில் பல் குட்டையாகும், குறைந்தால் நீளும். (தேர்வு அவசரத்தில் இதை மாற்றி எழுதிவிடுவது சுலபம்!) மேல் கடைவாய்ப்பல் வேர்கள் மீது கன்ன எலும்பின் நிழல் வேறு விழும்.

சரி, அப்புறம் பைசெக்டிங் எதற்கு? அண்ணம் ஆழமில்லாதவர்கள், சின்னப் பிள்ளைகள், குமட்டல் வருபவர்கள் வாயில் ஹோல்டர் நிற்காது. என் கணக்கில் முதலில் பேரலல். வாய் இடம் தராவிட்டால் மட்டுமே பைசெக்டிங்.