தேங்காயெண்ணெயா, விளக்கெண்ணெயா?

வறண்டு பரட்டையாகப் பறக்கும் முடிக்கு இந்த இரண்டில் எது? என் ஓட்டு தேங்காயெண்ணெய்க்குத்தான். அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். மூலக்கூறு சின்னது, நேரானது. அதனால் முடித்தண்டுக்குள்ளேயே இறங்கிவிடும். குளிப்பதற்கு முன் தடவினால் முடியிலிருந்து புரதம் இழப்பது குறைகிறது என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சூரியகாந்தி எண்ணெய்க்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஒரே தொல்லை, 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். மார்கழிக் காலையில் பாட்டிலை வெந்நீர்ச் சொம்புக்குள் நிற்கவைத்துத்தான் எடுக்க வேண்டும்.

விளக்கெண்ணெய் வேறு ரகம். சுமார் 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம் என்ற வேறொரு கொழுப்பு அமிலம். தேன்போல் பிசுபிசுக்கும், பெரும்பாலும் முடியின் மேலேயே படிந்து நிற்கும். பறக்கிற நுனியை அடக்க இரண்டு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து நீவினால் போதும். தாராளமாக ஊற்றினீர்களோ, சீயக்காயை இரண்டு தடவை போட்டாலும் போகாது. என் தலையணை உறையே சாட்சி. முடி வளர்க்கும் என்ற பேச்சுக்கும் உறுதியான சான்று இல்லை.

சரி, இரண்டும் வேண்டுமா? நாலு பங்கு தேங்காயெண்ணெயில் ஒரு பங்கு விளக்கெண்ணெய் கலந்து, குளிப்பதற்கு அரை மணி முன்னால், நுனிப் பகுதியில் மட்டும் தடவிப் பாருங்கள்.