கையில் புத்தகம், திரையில் ‘பட்டியலாக்கத்தில்’: கோஹாவோடு நாலு வருஷம்

“அக்கா, கோஹாவுல அக்விசிஷன் மாட்யூலையும் எடுத்துக்கலாமா? இல்ல, புத்தகம் வந்தப்புறம் நேரா கேட்டலாகிங்ல ஏத்திடலாமா?” என்று பக்கத்துக் கல்லூரி நூலகர் போனில் கேட்டாள். கோஹா என்பது நூலக வேலைகளைப் பார்க்கும் மென்பொருள்; அதில் அக்விசிஷன் புத்தகம் வாங்கும் பகுதி, கேட்டலாகிங் பட்டியலிடும் பகுதி. கேட்ட நேரம் சரியில்லை.

அன்று காலைதான் ஒரு பையன் கவுண்டருக்கு வந்தான். கையில் நாவல். முத்திரை குத்தி, அக்செஷன் எண் எழுதி, முதுகில் தமிழ்ப் புனைகதைக்கான 894.8113 லேபிள் ஒட்டியாகிவிட்டது. பார்கோடைக் காட்டினால் ‘பட்டியலாக்கத்தில்’ என்று இரவலுக்கு மறுக்கிறது. “மேடம், அப்ப என் கையில இருக்கிறது என்ன?”

ஆர்டர் போடும்போதே ஒவ்வொரு பிரதிக்கும் ‘ஆர்டரில்’ (-1) என்று நிலை கொடுத்துவிடுவோம். ஆரம்பத்தில், பில் வந்து ரிசீவ் போட்ட பிறகும் அது அப்படியே கிடக்கும். கொள்முதல் மேசை கேட்டலாகிங் மாற்றும் என்றிருக்கும், கேட்டலாகிங் மேசை கொள்முதல் மாற்றியிருக்கும் என்றிருக்கும். நடுவில் ஆறடி கூட இல்லை.

ரிசீவ் போட்டதும் நிலையைத் தானே மாற்ற ‘அக்ஐட்டம்செட்சப்ஃபீல்ட்ஸ்வென்ரிசீவ்டு’ என்று ஒரு முழ நீளத்துக்கு ஒரு செட்டிங் இருக்கிறது. நிறுவித் தந்தவர் மூச்சே விடவில்லை. மூன்றாம் வருஷம் நானே கண்டுபிடித்து 7=0 போட்டேன்; 7 என்பது இரவல் நிலைக்கான கட்டம், 0 என்றால் இரவல் தரலாம். பெட்டி பிரித்த அன்றே எல்லாப் புத்தகமும் இணையப் பட்டியலில் ‘கிடைக்கிறது’ என்று காட்ட, பிள்ளைகள் அலமாரியில் தேடோ தேடு என்று தேடினார்கள். புத்தகங்களோ லேபிள்கூட ஒட்டாமல் கேட்டலாகிங் மேசையில். பிறகு -2 என்று ‘பட்டியலாக்கத்தில்’ நிலை உண்டாக்கி, 7=-2 ஆக்கினேன். தள்ளுவண்டி அலமாரிக்குக் கிளம்பும்போது பார்கோடுகளை வரிசையாக ஸ்கேன் செய்து மொத்தமாக 0 ஆக மாற்ற வேண்டும். போன வாரம் ஒரு வண்டி மாற்றாமல் அப்படியே போய்விட்டது; பையன் கையில் இருந்த நாவல் அதில் போனதுதான்.

நியாயமாகச் சொன்னால், இந்த மைனஸ் நிலைகளில்தான் எனக்குப் பிடித்த விஷயமும் இருக்கிறது. இரவல் தராதே தவிர முன்பதிவை ஏற்கும். புத்தகம் வந்து சேருமுன்பே பிள்ளைகள் துண்டு போட்டுவிடுகிறார்கள். யாருக்காக எதை முதலில் பட்டியலிடுவது என்பது அப்போதே தெரிந்துவிடும். பழைய ரெஜிஸ்டரில் இது கனவிலும் நடக்காது.

கோஹா என்றால் மவோரி மொழியில் அன்பளிப்பு. 1999-இல் நியூசிலாந்தில் எழுதி, இலவசமாக விட்டது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம். நாலு வருஷமாக மேய்க்கிறேன், நான் பார்ப்பேன்.

“வேண்டாம்மா, நேரா கேட்டலாகிங்லயே ஏத்திடு” என்றேன்.

“அப்ப நீங்களும் விட்டுடுவீங்களாக்கா?”

“நான் எதுக்கு விடணும்?”