தாது வருடப் பஞ்சம்: விக்கிப்பீடியாவா, 1878-ஆம் ஆண்டுப் புத்தகமா?

1876–78 பஞ்சத்தைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதும் மாணவர் முதலில் திறப்பது விக்கிப்பீடியாவைத்தான். தப்பில்லை. மழை பொய்த்தது, தானியம் ஏற்றுமதியானது, நிவாரணக் கூலி குறைந்தது என்று பத்து நிமிடத்தில் கதை பிடிபட்டுவிடும். சாவுக் கணக்கில்தான் சிக்கல். ஒரு எண் சென்னை மாகாணத்துக்கு மட்டுமா, மைசூர், பம்பாயும் சேர்த்தா என்பது அடிக்குறிப்பைத் துருவினால்தான் தெரியும்.

வில்லியம் டிக்பி இந்தப் பஞ்சத்தைப் பற்றி 1878-இல் வெளியிட்ட இரண்டு தொகுதிகள் வேறு ரகம். இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகவே கிடைக்கின்றன. படிக்கப் பொறுமை வேண்டும், பழைய ஆங்கிலம் படுத்தும். ஆனால் பஞ்சப் பணிகளைப் பார்வையிட இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையின் நாள் கூலியை ஒரு பவுண்டு தானியத்துக்கும் (சுமார் 450 கிராம்) ஓர் அணாவுக்கும் இறக்கியதும், அது உடலுக்குப் போதாது என்று மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் மல்லுக்கு நின்றதும் இதில் விரிவாக வருகின்றன. பக்க எண்ணோடு மேற்கோள் காட்டலாம்.

சரி, டிக்பி சொல்வதெல்லாம் வேதவாக்கா? இல்லை. அவர் சென்னையில் பத்திரிகை ஆசிரியர், பஞ்ச நிவாரணக் குழுவின் செயலாளர். அரசை விமர்சித்தவர். இதையும் கட்டுரையில் ஒரு வரி எழுதிவிட வேண்டும்.

என் ஓட்டு டிக்பிக்கு. விக்கிப்பீடியாவை அடிக்குறிப்புகளுக்காக மட்டும் திறப்பேன். அப்புறம், பக்க எண்ணைப் படிக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். கடைசி இரவில் இரண்டு தொகுதிகளையும் மறுபடி புரட்டுவது நரகம்.