எஸ்எம்பிஎஸ் போய்விட்டதா? கிளிப், மீட்டர், டெஸ்டர், மாற்று சப்ளை: எதை நம்பலாம்?

கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை, அல்லது கேம் ஓடும்போது பட்டென்று அணைந்துவிடுகிறது. முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டரின் பாகங்களுக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை பெட்டி) மேல்தான் விழும். அதைச் சோதிக்க வழிகள் பல உண்டு, ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்.

எல்லோரும் முதலில் கை வைப்பது ஜெம் கிளிப் சோதனையில். 24 பின் கனெக்டரை மதர்போர்டிலிருந்து கழற்றி, 16ஆம் பின்னையும் (பச்சை வயர்) பக்கத்துக் கறுப்பு வயரையும் கிளிப்பால் இணைத்துவிட்டு, அப்புறம் சுவிட்சைப் போடுவார்கள். ஃபேன் சுற்றினால் "சப்ளை நல்லாத்தான் இருக்கு" என்று தீர்ப்பு. லோடே இல்லாமல், அதாவது எந்தப் பாகமும் மின்சாரம் இழுக்காமல், ஃபேன் சுற்றுவதை வைத்து அப்படிச் சொல்லவே முடியாது. சுற்றாவிட்டாலும் செத்துப்போனது என்று அர்த்தமில்லை; குறைந்த லோடில் ஃபேனை நிறுத்தியே வைக்கும் மாடல்கள் இப்போது நிறைய.

மல்டிமீட்டர் இதைவிடப் பல படி மேல். கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும், சப்ளைக்கு மின்சாரம் வந்துகொண்டிருக்கும்வரை 9ஆம் பின்னில் (ஊதா வயர்) 5 வோல்ட் இருக்க வேண்டும். சுவர் பிளக், பவர் கார்டு, பின்பக்க சுவிட்ச் எல்லாம் சரியாக இருந்து, கனெக்டரைக் கழற்றிய பிறகும் அந்த 5 வோல்ட் வரவில்லையா? விஷயம் முடிந்தது, சப்ளை அவுட். வந்தால், கனெக்டரை மறுபடி மாட்டி, கம்ப்யூட்டரை ஓடவிட்டு, கனெக்டரின் பின்புறம் வழியாக அளக்கலாம். மஞ்சள் வயரில் (12 வோல்ட்) 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் (5 வோல்ட்) 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சில் (3.3 வோல்ட்) 3.14 முதல் 3.47 வரை இருக்கலாம். எல்லா வயரும் கறுப்பாக இருந்தால் பின் எண்ணைப் பார்த்துத்தான் அளக்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டு வேலை செய்யத் தொடங்கியதும் 12 வோல்ட் 11.2க்கு இறங்கினால் சந்தேகம் வலுக்கும். ஆனால் ரிப்பிளும் (வோல்டேஜில் வேகமாக வரும் சிறு ஏற்ற இறக்கம்) நொடிக்குள் வந்துபோகும் சரிவும் சாதாரண மீட்டரில் தெரியாது. 12 வோல்ட் லைனில் ரிப்பிள் 120 மில்லிவோல்ட்டைத் தாண்டக்கூடாது. அதைப் பார்க்க, வோல்டேஜின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் வேண்டும்.

சின்ன டிஸ்ப்ளே உள்ள எஸ்எம்பிஎஸ் டெஸ்டர், பவர் குட் சிக்னல் (வோல்டேஜ் நிலையாகிவிட்டது என்று சப்ளை மதர்போர்டுக்குச் சொல்வது) 100 முதல் 500 மில்லிசெகண்டுக்குள் வருகிறதா என்றும் காட்டும். தினமும் பத்து சப்ளை பார்ப்பவருக்கு வசதி. அதுவும் தருவது பெயரளவு லோடுதான், ஒரே ஒரு கம்ப்யூட்டருக்காக வாங்கத் தேவையில்லை. சாஃப்ட்வேர் காட்டும் வோல்டேஜ் மதர்போர்டு சென்சாரின் ஊகம். விண்டோஸ் பதிவில் வரும் 'கெர்னல்-பவர் 41'ஐச் சாட்சியாகக் காட்டுகிறவர்களும் உண்டு. கம்ப்யூட்டர் முறையாக அணையவில்லை என்பதைத் தாண்டி அது எதையும் சொல்வதில்லை.

லோடில் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிற கேஸில் நான் மீட்டரைக்கூட எடுக்க மாட்டேன். போதுமான வாட்டேஜ் உள்ள, நன்றாக ஓடுகிறது என்று தெரிந்த வேறொரு சப்ளையை மாட்டிப் பார்ப்பதுதான் நேர்வழி. பிரச்சினை போய்விட்டால் குற்றவாளி தெரிந்துவிட்டது. போகவில்லை என்றால் ரேம், கிராபிக்ஸ் கார்டு, சூடு என்று தேடலை நகர்த்தலாம். ஒன்றில் மட்டும் கவனம்: மாடுலர் சப்ளை (கேபிளைத் தனியாகக் கழற்ற முடிவது) என்றால் பழைய கேபிளை அப்படியே விட்டுவிட்டு சப்ளை பெட்டியை மட்டும் மாற்றாதீர்கள். முனை பொருந்தும், உள்ளே பின் வரிசை வேறாக இருக்கலாம். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் எஸ்எஸ்டி (டேட்டா சேமிக்கும் டிரைவ்) கருகிவிடலாம்.

கருகல் வாடையோ 'டப்' சத்தமோ வந்திருந்தால் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். மறுபடி ஆன் செய்யாமல் மாற்றிவிடுங்கள். திறந்து பார்க்கிற ஆசையும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.