கைக்குழந்தையுடன் இருந்துகொண்டே வீட்டை விற்பனைக்குத் தயார் செய்கிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

வீட்டை விற்பதற்கு முன் பெயிண்ட் அடிக்க ஆள் கூப்பிடப் போகிறவர்கள், அதிலும் தவழும் குழந்தையை வைத்திருப்பவர்கள், பொறுமையாகப் படியுங்கள். எங்களுக்கு நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். கான்டிராக்டரின் பெயரைப் போடவில்லை. ஆள் யார் என்பதைவிட அவர் எப்படிப் பேசினார், எப்படி வேலை செய்தார் என்பது தெரிந்தால்தான் நீங்கள் தப்பிக்க முடியும்.

அப்போது மகளுக்கு எட்டு மாதம். கணவருக்கு வேலை மாற்றம், வேறு ஊருக்குப் போயாக வேண்டும். எங்கள் வீடு ஐம்பது வருடத்துக்கும் மேல் பழையது. தரகர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "ஜன்னல், கதவெல்லாம் பெயிண்ட் உரிந்து நிற்கிறது. இந்தக் கோலத்தில் புகைப்படம் எடுத்தால் ஒருவரும் வந்து பார்க்க மாட்டார்கள்" என்றார். கையோடு ஒரு கான்டிராக்டரின் எண்ணையும் கொடுத்தார். அந்த வேலையில் தரகருக்கும் பங்கு உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

கான்டிராக்டர் வந்தார். குழந்தையின் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சினார். "குழந்தை இருக்கிற வீடுதானே அம்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஓர் அறையை முடித்துச் சாத்திவிட்டுத்தான் அடுத்த அறைக்குப் போவோம். வாடையே இல்லாத தண்ணீர் பெயிண்ட்தான் அடிப்போம்" என்றார். அந்தப் பேச்சில் மனம் இளகிவிட்டது. மொத்தத் தொகையில் முக்கால் பங்கை முன்பணமாகக் கொடுத்தோம். எழுத்தில் ஒரு வரிகூட வாங்கவில்லை.

முதல் நாள் சொன்னபடியே நடந்தது. இரண்டாம் நாள் தடுப்பூசி போடுவதற்காக மகளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். நண்பகலில் திரும்பும்போது தேய்ப்பு இயந்திரத்தின் சத்தம் தெருமுனை வரை கேட்டது. உள்ளே மூன்று அறைகளிலும் ஒரே நேரத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. கதவுகள் திறந்து கிடந்தன. எதன் மீதும் பிளாஸ்டிக் விரிப்பு இல்லை. பழைய ஜன்னல் சட்டங்களை உலர்ந்தபடியே இயந்திரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தேய்ந்த இடத்தில் வெள்ளைக்குக் கீழே பழுப்பு, அதற்கும் கீழே பச்சை, அடியில் மங்கிய சிவப்பு என்று இத்தனை வருடப் பூச்சும் தெரிந்தது. தொட்டிலின் விளிம்பில் மாவு சலித்ததுபோல் தூசி படிந்திருந்தது. பல் முளைக்கும் குழந்தை கடிப்பதற்கென்று வாங்கிய ரப்பர் வளையத்திலும் அதே தூசி.

கணவருக்கு போன் செய்ய ஒரு நிமிடம் மகளைத் தரையில் உட்கார வைத்தேன். அவள் உள்ளங்கையைத் தரையில் ஊன்றினாள். தூசியில் ஐந்து விரல்களும் பதிந்தன. நான் குனிவதற்குள் கை வாய்க்குப் போய்விட்டது.

அந்தத் தூசியில் என்ன இருக்கக்கூடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அன்று மாலை குழந்தை மருத்துவர்தான் சொன்னார். பழைய பெயிண்டில், குறிப்பாகக் கதவு, ஜன்னல்களுக்கு அடிக்கும் எனாமல் பெயிண்டில், ஈயம் கலப்பது வழக்கமாக இருந்தது. நிறத்துக்காகவும் சீக்கிரம் காய்வதற்காகவும் உழைப்பதற்காகவும் கலந்தார்கள். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் அதை 1978இல் தடை செய்தார்கள். இந்தியாவில் 90 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு பெயிண்டில் 90 பங்கு ஈயம், என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். ஆகவே உங்கள் வீடு எங்கே, எப்போது கட்டியது என்பதைப் பொறுத்து அடிப்பூச்சில் ஈயம் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சுவரோடு ஒட்டிக் கிடக்கும் வரை தொல்லை குறைவு. உலர்ந்தபடி தேய்த்தால் அத்தனையும் பொடியாகி, தவழும் குழந்தையின் உயரத்துக்கு வந்து இறங்குகிறது. விழுங்கிய ஈயத்தைப் பெரியவர்களின் உடல் ஏற்பதைப்போல் நான்கைந்து மடங்கு சிறு குழந்தையின் உடல் ஏற்றுக்கொள்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. வளரும் மூளையைத்தான் அது முதலில் தாக்கும். காய்ச்சலோ வாந்தியோ இல்லாமலே பாதிப்பு நடக்கலாம் என்பதால் இரத்தப் பரிசோதனை ஒன்றுதான் வழி.

மறுநாளே எடுத்தோம். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 3.5 மைக்ரோகிராமைத் தாண்டினால் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் நிர்ணயித்தது. மகளின் அளவு அதற்குக் கீழே இருந்தது. ஆனால் ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது என்று சொல்லி, சில வாரம் கழித்து மறுபடியும் எடுக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். ஜன்னலில் இருந்து விழுந்த பெயிண்ட் செதில்களை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். ஈயம் இருக்கிறது என்று அறிக்கை வந்தது.

கான்டிராக்டரிடம் கேட்டபோது, "இத்தனை வருடமாக இதே தூசியில்தான் வேலை செய்கிறோம், எங்களுக்கு என்ன ஆகிவிட்டது?" என்றார். அவருடைய ஆட்கள் இருவரும் இளம் வயதுப் பிள்ளைகள். முகக்கவசம்கூட அவர்களுக்குக் கொடுக்கவில்லை. அந்தத் தூசி படிந்த சட்டையோடுதான் அவர்களும் தங்கள் வீட்டுக்குப் போகிறார்கள், அங்கேயும் குழந்தைகள் இருக்கலாம் என்று நினைத்தபோது வயிறு எரிந்தது. சுத்தம் செய்யுங்கள் என்றதற்கு உலர்ந்த துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினார்கள். படிந்திருந்த தூசியும் எழும்பிப் பறந்தது.

தண்ணீர் பெயிண்ட் என்ற வாக்கும் பொய். டப்பா என்னவோ அவர் காட்டிய அதே டப்பாதான். ஆனால் மாலையில் பிரஷ்ஷைத் தின்னரில் அலசுவதைப் பார்த்தேன். தண்ணீர் பெயிண்டுக்கு அடித்த பிரஷ் தண்ணீரிலேயே சுத்தமாகிவிடும், தின்னர் எதற்கு? டப்பாவில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்க்காதீர்கள். பிரஷ்ஷை எதில் கழுவுகிறார்கள் என்று பாருங்கள்.

இதையெல்லாம்விட நினைத்தால் இன்றும் கை நடுங்குவது துணி அலமாரி விஷயம். குழந்தை பிடித்து எழ ஆரம்பித்ததால், அலமாரி சாய்ந்துவிடாமல் இருக்கச் சுவரோடு சேர்த்துத் திருகாணி போட்டு இறுக்கியிருந்தோம். பெயிண்ட் அடிப்பதற்காக அதைக் கழற்றி நகர்த்தியவர்கள், திரும்பச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். திருகாணிகள் ஜன்னல் திண்டில் கிடந்தன. அவையும் வாயில் போட்டுக்கொள்ளும் அளவுதான். மகள் கீழ் இழுப்பறையைப் பிடித்து இழுத்தபோது அலமாரி முன்னால் அசைந்தது. அப்போது நான் பக்கத்தில் நின்றிருந்தேன், பிடித்துவிட்டேன்.

படுக்கையறைச் சுவரில் இருந்த ஈரக்கசிவைச் சரி செய்வதாகத் தனியே பணம் வாங்கியிருந்தார். செய்ததெல்லாம் பட்டி பூசி மேலே பெயிண்ட் அடித்ததுதான். மூன்றே வாரத்தில் கொப்புளித்துக்கொண்டு வந்தது, அதுவும் வீடு பார்க்க வந்தவர்களின் கண்ணெதிரில். நாங்கள் ஏமாற்ற நினைத்தோம் என்று எண்ணி அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அதன் பிறகு கான்டிராக்டர் போனை எடுக்கவே இல்லை. தரகரோ, "அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள விவகாரம்" என்று ஒதுங்கிக்கொண்டார்.

உங்கள் வீடு பழையதென்றால், விலை பேசும் முன்பே பெயிண்ட் செதிலைச் சோதனைக்குக் கொடுங்கள். ஈயம் இருந்தால் அதற்குப் பயிற்சி பெற்ற ஆட்களைத்தான் கூப்பிட வேண்டும். கிடைக்காவிட்டால் அந்த ஜன்னலைத் தேய்க்காமலே விடுங்கள், விற்பனை கொஞ்சம் தாமதமானால் ஆகட்டும். உலர்ந்தபடி தேய்க்கக் கூடாது, நெருப்புக் காட்டி உரிக்கக் கூடாது, ஓர் அறையை மூடி முடித்த பிறகே அடுத்தது, அலமாரிகளை மறுபடியும் சுவரில் இறுக்கித் தர வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போடத் தயங்குகிறவருக்கு வேலை கொடுக்காதீர்கள். முன்பணத்தைக் கால் பங்குக்கு மேல் கொடுக்க வேண்டாம். தேய்க்கும் நாட்களில் குழந்தையோடு வீட்டில் இருக்கவே இருக்காதீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த அறையில் இருப்பது போதாது. ஈரத் துணியால் துடைத்து முடித்த பிறகுதான் திரும்ப வர வேண்டும்.

நாங்கள் அன்றிரவே உறவினர் வீட்டுக்குப் போய்விட்டோம். தரை, ஜன்னல் திண்டு, தொட்டில் எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் மூன்று முறை துடைத்து, ஒவ்வொரு முறையும் துணியை மாற்றி, பிறகுதான் மகளைக் கூட்டிவந்தோம். ரப்பர் வளையத்தைத் தூக்கிப்போட்டுவிட்டேன். அந்தக் கொப்புளித்த சுவரை மறுபடி மூடவில்லை. இப்போது வீடு பார்க்க வருபவர்களிடம் அதையும் காட்டி, ஆய்வக அறிக்கையின் நகலையும் கையில் கொடுக்கிறேன். மகளுக்கு அடுத்த இரத்தப் பரிசோதனை வருகிற வாரம்.