வேர்ட்கேம்ப், பாட்கேம்ப், மலையிலேயே ஒரு கூட்டம்: எதற்குப் போகலாம்?

கோத்தகிரி, குன்னூர் பக்கம் பாட்காஸ்ட் செய்கிறவர்களும் வலைப்பதிவு எழுதுகிறவர்களும் அடிக்கடி கேட்பது இதுதான்: கீழே சென்னையிலும் பெங்களூரிலும் தன்னார்வலர்கள் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ நடத்தும் கூட்டங்களுக்குப் போனால் பிரயோஜனம் உண்டா? அனுமதிக் கட்டணம் பெரிய விஷயமில்லை. ஆனால் ஊட்டிக்காரர் சென்னைக்குப் போக மேட்டுப்பாளையம் இறங்கி நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடிக்க வேண்டும், போக ஓர் இரவு, வர ஓர் இரவு, நடுவில் சாப்பாடு, குளியல், ஆட்டோ. அதனால் டிக்கெட் விலையை விடுங்கள். நேரில் போனால் மட்டுமே கிடைக்கக்கூடியது என்ன என்று பாருங்கள்.

முதலில் வேர்ட்கேம்ப், அதாவது வேர்ட்பிரஸ் என்ற வலைத்தள மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் கூடும் கூட்டம். 2006-ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. பேச விரும்புகிறவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கிறார்கள், குழு தேர்வு செய்கிறது, எந்த மணிக்கு யார் என்பது முன்பே தெரிந்துவிடும். ஸ்பான்சர்கள் இருப்பதால் கட்டணமும் குறைவு. இன்னும் தளமே தொடங்காதவருக்கு இது நல்ல இடம். ஆனால் அங்கே பேசப்படுவதில் பெரும்பகுதி பிறகு வேர்ட்பிரஸ் டிவி என்ற வீடியோ தளத்தில் ஏறிவிடுகிறது, அதைக் குன்னூரில் வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம். பேச்சைக் கேட்க மட்டும் என்றால் மலை இறங்க வேண்டியதில்லை.

பார்கேம்ப், பாட்கேம்ப் வகை அப்படியில்லை. அழைப்பு வந்தவர்கள் மட்டுமே போக முடிந்த ஃபூ கேம்ப் என்ற தொழில்நுட்பக் கூட்டத்துக்கு எதிர்வினையாக, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று 2005 ஆகஸ்டில் பாலோ ஆல்டோவில் தொடங்கியதுதான் பார்கேம்ப். அதே பாணியைப் பாட்காஸ்ட்டுக்குக் கொண்டுவந்து 2006 செப்டம்பரில் பாஸ்டனில் கிறிஸ் புரோகனும் கிறிஸ்டோபர் பென்னும் முதல் பாட்கேம்ப்பை நடத்தினார்கள். நமக்கும் இது புதிதில்லை, அதே மாதம் சென்னை டைடல் பார்க்கில் வலைப்பதிவர்களுக்கான பிளாக்கேம்ப் நடந்தது, அடுத்த ஆகஸ்டில் தமிழ் வலைப்பதிவர்களே சேர்ந்து சென்னையில் பட்டறை நடத்தினார்கள்.

இங்கே காலையில் சுவரில் இருப்பது வெறும் கட்டம் போட்ட தாள்தான். மேலே அறைகளின் பெயர், ஓரத்தில் நேரம். பேச நினைப்பவர் ஒரு ஒட்டுச்சீட்டில் தலைப்பை எழுதி காலியான கட்டத்தில் ஒட்டுகிறார், இரண்டு பேர் ஒரே விஷயத்தை எழுதியிருந்தால் சீட்டுகளை நகர்த்தி ஒன்றாக்கிவிடுகிறார்கள். "தகரக் கூரை வீட்டில் மழை நேரத்தில் எப்படிக் குரல் பதிவது?" என்று நீங்களும் ஒரு சீட்டு ஒட்டலாம். வேறு எந்த மாநாட்டிலும் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்க மாட்டார்கள். இங்கே நாலைந்து பேர் வந்து உட்கார்ந்தால் போதும், கண்டென்சர் மைக் எல்லாவற்றையும் இழுக்கும், டைனமிக் மைக்கை வாய்க்கு நான்கு விரல் தூரத்தில் வை என்பார் ஒருவர், கம்பளி தொங்கவிட்டால் எதிரொலிதான் குறையும், மழை குறையாது என்று இன்னொருவர் திருத்துவார், முதலில் பேசாமல் பத்து விநாடி மழையை மட்டும் பதிந்து வைத்தால் ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் இரைச்சலைக் குறைக்க மாதிரி கிடைக்கும் என்பார் மூன்றாமவர். வீடியோ பார்த்து இது கிடைக்காது, ஏனென்றால் கேள்வி உங்களுடையது.

அதனால்தான் கேள்வி இல்லாமல் போகிறவருக்கு இந்த வகை ஏமாற்றமாக இருக்கும். சில வருடங்களில் சீட்டுகளில் பாதி தன் நிறுவனத்தை விளம்பரப்படுத்துவதாகவே இருக்கும். அப்போது எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுங்கள், விதியே அதுதான்: பிடிக்காத இடத்தில் உட்கார்ந்திருக்கக் கூடாது. நம் ஊரில் வயதில் பெரியவர் பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்து போக மனசு வராது, அதைப் பழகத்தான் வேண்டும்.

சரி, மலையிலேயே நடத்தினால்? எனக்கு இதன் மேல்தான் ஆசை. படுக மொழி, தோடா, கோத்தா, இருளம் பேசுகிறவர்களுக்கு எழுதுவதைவிடக் குரலில் சொல்வது எளிது, அவற்றுக்கென்று பரவலான எழுத்து இல்லை. கோத்தகிரியில் கீஸ்டோன் அமைப்பின் சமுதாய வானொலி 90.4-ல் பழங்குடி மொழிகளில் ஏற்கெனவே ஒலிபரப்புகிறது, கொடைக்கானல் பண்பலை 100.5 சமவெளி வரை கேட்கிறது. பாட்டியிடம் கதை பதியும்போது யாரிடம் அனுமதி கேட்பது, சாவுப் பாட்டைப் பொதுவில் போடலாமா என்ற கேள்விகளுக்குச் சென்னையில் பதில் சொல்ல ஆளில்லை, இங்கே இருக்கிறார்கள்.

குறையும் உண்டு. இருபது பேர், ஒரே அறை என்றால் எழுந்து போக அடுத்த அறை இல்லை, அதிகம் பேசுகிறவர் முழு நாளையும் எடுத்துக்கொள்வார். கட்டம் போடுவதை விட்டு வட்டமாக உட்காருங்கள், ஆளுக்குப் பத்து நிமிடம், யாராவது கடிகாரம் பார்க்கட்டும். மைக், எடிட்டிங் போன்ற தொழில்நுட்ப விஷயங்களிலும் கீழே கிடைக்கும் ஆழம் கிடைக்காது.

ஆக, புதிதாகத் தொடங்குகிறவருக்கு வேர்ட்கேம்ப் வீடியோ, தொழில்நுட்பச் சிக்கலோடு இருப்பவருக்குக் கீழே ஒரு பார்கேம்ப், மொழியும் ஊரும் சம்பந்தப்பட்டதற்கு மலை. மலையில் தேதி வைப்பவர்கள் ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம், அறை வாடகை எகிறிவிடும், ரோட்டில் வண்டி நகராது. 2024 மே முதல் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேறு. கீழிருந்து வருகிறவர்களை அரசுப் பேருந்தில் வரச் சொல்லுங்கள், தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்தே எடுத்துவரச் சொல்லுங்கள், பிளாஸ்டிக் பாட்டில்களை சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள்.